ஒரு கிழங்கின் விசாரணை

1

எங்கள் வீட்டுக் கார்த்திகைச் செடி போன மாதம் விசாரணையில் தோற்றுவிட்டது. முப்பது வருடங்களுக்கு முன் இதே ஐப்பசியில் நானும் என் கணவரும் இந்த நாட்டில் அகதி விசாரணைக்குப் போனோம். முதல் தடவை கேஸ் அடிபட்டது, இரண்டாம் தடவை பிழைத்துக்கொண்டோம். அந்த நாளை ஆண்டு நிறைவாகக் கொண்டாடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இந்த வருடம் அதே மாதத்தில் செடியும் அகப்பட்டுக்கொண்டதால் எழுதத் தோன்றியது. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் என்மீது இரக்கப்படுவதற்கு அவசரப்பட வேண்டாம். நான் அதற்கு ஏற்ற ஆள் இல்லை என்பது போகப்போகத் தெரியும்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், எசன் நகரத்தில், மூன்றாம் மாடியில். வரவேற்பறைச் சோபாவுக்குப் பின்னால் பன்னிரண்டு சட்டிகள், அவற்றுக்கு மேலே ஊதா வெளிச்சம் தரும் விளக்குகள். ஊரில் இந்தச் செடியை யாரும் வளர்ப்பதில்லை. மாரி மழைக்குத் தானாக முளைத்து வேலியில் ஏறிப் பூக்கும். இங்கே விட்டால் அது கோடையில் பூத்துவிட்டுப் படுத்துவிடும். என் கணவருக்குக் கார்த்திகை மாதத்தில் பூ வேண்டும். அதனால் கோடை முழுக்கக் கிழங்குகளை நிலவறையில் உலரவைத்து, ஆவணி முடியும்போது சட்டியில் நட்டு, விளக்கைப் போட்டு அதை ஏமாற்றிப் பூக்கவைப்பார். ஊரில் மழைக்குப் பூத்தது இங்கே மின்சாரத்துக்குப் பூக்கிறது.

கார்த்திகையில் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து நடத்தும் நினைவுக் கூட்டத்தில், போரில் இறந்தவர்களின் படங்களுக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டுப் பூ. அவருடைய தம்பியின் படமும் அங்கே உண்டு. "அம்மா வேலியில கிண்டித் தந்த கிழங்கு. நாலு எல்லை தாண்டி, ஷேவிங் பையுக்குள்ள வைச்சுக் கொண்டந்தனான்" என்று வருடா வருடம் யாருக்காவது சொல்வார். பார்சல் கிடங்கில் இருபத்தைந்து வருடம் பெட்டி தூக்கியவரை அங்கே எல்லாரும் 'கார்த்திகை அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு அவர் திரும்பிப் பார்க்கும் விதமே வேறு.

எங்கள் ஒரே மகள் ஆரணி நாலு வருடமாக இந்த வீட்டுக்குள் வருவதில்லை. வரக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. அவள் யோனாஸ் என்ற ஜெர்மன்காரனைக் கல்யாணம் செய்து டுசல்டோர்ஃபில் இருக்கிறாள். லேனா என்று மூன்று வயதில் ஒரு பிள்ளை. சனிக்கிழமைகளில் நான் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவரிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிடுவேன். மகளையும் பேத்தியையும் எப்படியாவது இந்தக் கதவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதற்கு நான் எடுத்த ஆயுதம்தான் அந்தச் செடி.

2

நான் வேலை செய்வது ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுகூடத்தில். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது விட்டுவிட்டு வந்தவள். அந்த இரண்டு வருடங்களை இங்கே ஒரு அலுவலகமும் கணக்கில் எடுக்கவில்லை. முப்பத்துநாலு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருந்து, அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து ஆய்வுகூட உதவியாளர் ஆனேன். இப்போது காலை ஏழரைக்கு ட்ராம் பிடித்துப் போய், இலைகளைத் திரவ நைதரசனில் உறையவைத்து, உரலில் இடித்து, சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, பெயர் எழுதி வைக்கிறேன். அந்த இலைகளின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துப் பட்டம் வாங்குபவர்கள் வேறு ஆட்கள்.

நான் படித்த காலத்தில் லில்லிக் குடும்பம் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். வெங்காயம், கற்றாழை, சாத்தாவாரி, கார்த்திகைப்பூ எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஆறு இதழ், ஆறு கேசரம், கீழே கிழங்கோ குமிழோ இருந்தால் உள்ளே வா என்று சேர்த்துவிட்டார்கள். பிறகு இலைக்குள் இருக்கும் பச்சையவுருமணியின் எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினார்கள். பச்சையவுருமணி என்பது இலைக்குப் பச்சை நிறம் கொடுத்து, வெயிலில் சமையல் செய்யும் நுண்ணிய மணி. அதற்கென்று தனியாக ஒரு மரபுத்தொகுதி இருக்கிறது, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் எழுத்து. வாசித்துப் பார்த்ததும் குடும்பம் உடைந்தது. வெங்காயத்தை வெளியே விட்டார்கள், கற்றாழையை வெளியே விட்டார்கள். கார்த்திகைப்பூவும் உண்மையான லில்லி அல்ல, பக்கத்து வளவுச் சொந்தம் என்று ஆயிற்று. இங்கே சூப்பர்மார்க்கட் வாசலில் கட்டுக்கட்டாக விற்கும் இன்காலில்லி என்ற தென்னமெரிக்கப் பூ, லில்லியைவிட அதற்குக் கிட்டின உறவு. அதைவிடக் கிட்டினது, இலையுதிர் காலத்தில் ஜெர்மன் புல்வெளிகளில் ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு நச்சுச் செடி. வசந்தத்தில் அதன் இலையைக் காட்டுப்பூண்டு என்று நினைத்துப் பிடுங்கவேண்டாம் என்று பத்திரிகைகள் எச்சரிக்கும். எங்கள் புனிதப் பூவுக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரி அவள்தான். இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். என் கணவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இன்னுமொன்று. பெரும்பாலான பூச்செடிகளில் பச்சையவுருமணி தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும். தகப்பனின் மகரந்தம் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. அவர் மகளைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் நான் இதை மனதுக்குள் சொல்லிப்பார்ப்பேன். எனக்கு அது ஒரு சின்னச் சந்தோசம்.

3

எங்கள் ஆய்வுகூடத்தில் கதிரவன் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர் இருக்கிறார். திண்டுக்கல் பக்கம். கார்த்திகைப்பூவும் அதன் சொந்தங்களும் எங்கே தோன்றி எப்படிப் பிரிந்து ஆசியாவுக்கு வந்தன என்பது அவருடைய ஆய்வு. போன வருடம் கார்த்திகையில் சாப்பிட வந்தபோது சோபாவுக்குப் பின்னால் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அங்கிள், லைட்டெல்லாம் போட்டு வளர்க்கிறீங்க? எங்க ஊர்ல இதுக்குக் கண்வலிக்கிழங்குன்னு பேரு. அப்பா ரெண்டு ஏக்கர் போட்டிருக்கார். விதை மருந்துக் கம்பெனிக்குப் போயிடும்."

என் கணவரின் முகம் சுருங்கியது. "எங்களுக்கு இது பயிரில்லைத் தம்பி" என்றார்.

கதிரவன் ஒரு பூவைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இதழ் ரொம்ப அகலமா இருக்கே. எங்க ஊருப் பூ ஒல்லியா, நெளிநெளியா இருக்கும்."

"ஜெர்மன் உரம்" என்றேன் நான், கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு.

இந்தப் புரட்டாதியில் அவர் என்னிடம் வந்தார். "ஆன்ட்டி, ஆப்பிரிக்கா சாம்பிள் இருக்கு, இந்தியா சாம்பிள் இருக்கு, நர்சரி சாம்பிள் இருக்கு. ஸ்ரீலங்கா ஒண்ணுதான் மிஸ்ஸிங். புதுசா எடுக்கணும்னா அந்த நாட்டு பெர்மிஷன் வேணும். அது வர்றதுக்குள்ள என் ஃபண்டிங்கே முடிஞ்சிடும். ஆனா ரூல் வர்றதுக்கு முன்னாடியே இங்க வந்த செடின்னா பிரச்சினை இல்லை. அங்கிள் ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் குடுத்தாப் போதும்."

படிவம் இரண்டு பக்கம். செடி எந்த நாட்டில், எந்த ஊரில், யாருடைய காணியில் இருந்து எடுக்கப்பட்டது? எடுத்தவர் யார்? எந்த வழியாக ஜெர்மனிக்குள் வந்தது? எப்போது? சாட்சி உண்டா? என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து எழுதுவதைப் பார்த்தேன். எங்களைக் கேட்ட அதே கேள்விகள். எங்கள் விசாரணையில் வழியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரே பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு போனோம். இந்தப் படிவத்தில் அவர் வழியை மட்டும் உண்மையாக எழுதினார். சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டுப் பேனையை நீட்டினார்.

நான் கையெழுத்து வைத்தேன்.

4

அவருடைய அம்மா கிண்டித் தந்த கிழங்கு செத்து இருபத்தெட்டு வருடம். கொன்றவள் நான்.

முதல் கோடையில் அகதி முகாமின் ஜன்னலில் அது பூத்தது உண்மை. அறுபது பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். இரண்டாம் குளிரில் தண்டு மஞ்சளாகிக் காய்ந்து விழுந்தது. கிழங்கு மண்ணுக்குள் நித்திரைக்குப் போகிறது, அதை உலர விட்டுவிட வேண்டும். தாவரவியல் படித்த எனக்கு இது தெரியாது. ஊரில் யார் அதைக் கவனித்தார்கள்? வேலியில் வரும், வேலியில் போகும். நான் பிள்ளைத்தாய்ச்சி, வெளியே பனி, செடி காய்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்து இன்னும் ஊற்றினேன். பங்குனியில் சட்டியைக் கிளறினால் மண்ணுக்குள் பழுப்பு நிறத்தில் கூழும் நாற்றமும்தான் இருந்தன.

அவர் ஜெர்மன் வகுப்புக்குப் போயிருந்த ஒரு காலையில், மூன்று மாதக் குழந்தையாக இருந்த ஆரணியை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் ஏறி, தோட்டச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். உரம் கேட்கத்தான் போனேன். அங்கே பெகோனியாவுக்கும் டாலியாவுக்கும் நடுவில், கம்பியில் கொழுவிய பக்கற்றில் எங்கள் பூவின் படம் இருந்தது. உள்ளே மரத்தூளில் ஒரு கிழங்கு, கலப்பை வடிவில், அச்சாக அதே மாதிரி. கம்பியில் இருந்து கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு வாங்கினேன். அன்றே நட்டேன். பக்கற்றைத் துண்டுதுண்டாகக் கிழித்து முகாமின் பொதுச் சமையலறைக் குப்பையில் மீன் தலைகளுக்குக் கீழே போட்டேன்.

ஆடியில் அது பூத்தபோது அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வந்திட்டுது" என்றார். நான் குழந்தைக்குத் துணி மாற்றப் போனேன். அதன்பிறகு சொல்வதற்கு ஏற்ற நாள் என்று ஒன்று வரவேயில்லை.

5

ஏற்ற நாள் ஒன்று வந்தது. பொய் சொல்லக்கூடாது.

நாலு வருடத்துக்கு முன், ஆரணி யோனாஸை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் தமிழில் "வணக்கம்" சொல்லப் பழகியிருந்தான். என் கணவர் அவனைப் பார்க்கவேயில்லை. எழும்பிப் போய்ச் சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். அப்போதும் பூத்த காலம்.

"இதைப் பார்" என்றார் மகளிடம். "எத்தினை குளிரைக் கண்டுது. எவன்ர மண்ணில நிக்குது. இனம் மாறிச்சுதா? என்ர அம்மாவின்ர வேலியில எப்பிடிப் பூத்துதோ அப்பிடியே பூக்குது. ஒரு செடிக்கு இருக்கிற ரோசம் உனக்கு இல்லை. வேரில்லாத சனம் இந்த வீட்டுக்க வரவேண்டாம்."

ஆரணி அழவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சமையலறை வாசலில், நாலு கோப்பைத் தேநீரோடு தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். என் வாயில் ஒரே ஒரு வசனம் இருந்தது. 'இது கடையில வாங்கினது.' அவ்வளவுதான். சொன்னால் அவர் முகம் அந்தப் பெடியனுக்கு முன்னால் உடைந்துபோகும் என்று பயந்தேன். கார்த்திகை அண்ணையின் பெண்சாதி என்ற என் மரியாதையும் சேர்ந்து போகும் என்று அதைவிடப் பயந்தேன். அவர்கள் போன பிறகு நாலு தேநீரையும் தொட்டியில் ஊற்றினேன்.

ஆகவே கதிரவன் இலை கேட்டு வந்தபோது எனக்கு ஒரு வழி கிடைத்தது. நான் வாய் திறக்கத் தேவையில்லை. இயந்திரம் சொல்லும். செடி பொய்யென்று தெரிந்தால் அவருடைய பிடிவாதத்துக்கு நிற்க இடமில்லாமல் போகும். ஒருநாள் அழுவார், இரண்டு நாள் சாப்பிடமாட்டார், மூன்றாம் நாள் மகளைக் கூப்பிடுவார். அப்படிக் கணக்குப் போட்டேன்.

இலையை இடித்ததும் நான்தான். அந்தக் குழாயை மூடாமல் அரைநாள் மேசையில் மறந்துவிட்டிருந்தால் போதும், ஒருவரும் எதையும் வாசித்திருக்க முடியாது. முப்பது வருடம் ஒன்றாகப் படுத்த மனுசனைக் காப்பாற்ற அவ்வளவு சின்ன மறதி காணும். நான் மறக்கவில்லை. மற்றக் குழாய்களைவிடக் கவனமாக அதை மூடி, பெயரை அழகாக எழுதி, ஐஸில் வைத்தேன்.

6

ஐப்பசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் கதிரவன் வந்தார். மடிக்கணினியைத் திறந்து ஒரு மரத்தின் படத்தைக் காட்டினார். கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு செடியின் பெயர்.

"அங்கிள், ஒரு சின்ன விஷயம். உங்க சாம்பிள் இந்தியா குரூப்புக்குப் பக்கத்துல வந்து உட்காரும்னு எதிர்பார்த்தேன். அது இங்க போயிடுச்சு" என்று படத்தின் மற்றக் கரையைத் தொட்டார். "இது ஹாலந்து நர்சரில வளர்க்கிறது. அதோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. உங்களுதுக்கும் அதுக்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை."

"மெசின் பிழைவிடாதோ?"

"ரெண்டு தடவை ஓட்டிட்டோம் அங்கிள். எங்கயோ மாறியிருக்கு. யாராவது குடுத்த கிழங்கு கலந்திருக்கலாம்."

நான் என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், ஆசையோடு பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார். பிறகு, "தேத்தண்ணியைக் குடியும் தம்பி, ஆறப்போகுது" என்றார். கதிரவன் குடித்தார். மன்னிப்புக் கேட்பதுபோல எதையோ சொல்லிவிட்டு, ஆய்வில் இந்தச் செடியைச் சேர்க்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஊர் தெரியாத செடியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து நான் காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"அம்மாவின்ர கிழங்கில்லை எண்டு."

"எப்ப இருந்து?"

"முகாமில, ரெண்டாந்தரம் பூத்த அண்டைக்கே. வேலிக்கரையில வளந்தவனுக்கு அந்த இதழ் தெரியாதே? உம்மட முகத்தைப் பாத்தன், விளங்கிச்சுது. பிள்ளை பெத்த உடம்பு, என்னத்தைக் கேக்கிறது எண்டு விட்டிட்டன்."

"பிறகும் கொண்டுபோய் வைச்சனீங்கள், அம்மாவின்ர எண்டு சொல்லி?"

"தம்பியின்ர படத்துக்கு முன்னால நான் வெறுங்கையோட நிக்கேலாது. ஏதோ ஒரு பூ."

"அப்ப ஆரணிக்கு அப்பிடிச் சொன்னது? இனம், வேர் எண்டு? அவளை ஏன் அனுப்பினனீங்கள்?"

அவர் ஒரு சட்டியின் மண்ணை விரலால் தொட்டு ஈரம் பார்த்தார். "பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னனான். அதுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?"

இருபத்தெட்டு வருடம் நான் அவரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏமாந்தவர் அல்ல, அதனால் அவருக்கு உடைவதற்கும் ஒன்றுமில்லை. என்னுடைய ஆயுதம் முனை மழுங்கிய கத்தி என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் விளக்கைச் சரிசெய்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தன் கோப்பையைக் கழுவினார்.

7

அடுத்த சனிக்கிழமை டுசல்டோர்ஃபில் ஆரணியின் சமையலறையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யோனாஸ் கடைக்குப் போயிருந்தான். லேனா மேசைக்குக் கீழே இருந்து, கடதாசியை வெட்டிக்கொண்டு தனக்குத்தானே ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழில் பத்துச் சொல் தெரியும், அதில் எட்டுச் சாப்பாடு.

மகள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அப்பாவின் பூ வெறும் கடைப்பூ என்று கேட்டால் சிரிப்பாள் என்று நினைத்தேன். பக்கற் கதையைக் கொஞ்சம் நடித்துக்கூடக் காட்டினேன். "நீயும் வண்டிலுக்க இருந்தனி" என்றேன்.

முதலில் சிரித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தொடக்கத்தில இருந்தே தெரியுமாம். அவர் எப்பிடிப்பட்ட மனுசன் பார்."

"உங்களுக்கும் தெரியும்."

"ஓம், நான்தானே வாங்கினனான்."

"அண்டைக்கு நாங்கள் வந்த நேரம், நீங்கள் தேத்தண்ணித் தட்டோட வாசலில நிண்டனீங்கள்."

"ஓம்."

"அவர் செடியைக் காட்டிச் சொன்ன நேரம் உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "ஏழு வயசில பள்ளிக்கூடத்தில இந்தப் பூவைப் பற்றி ரெஃபராட் செய்தனான், தெரியுமோ? எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால ஒண்டைக் கொண்டுபோய் வைச்சு, என்ர அப்பம்மாவின்ர வேலியில இருந்து வந்தது எண்டு சொன்னனான். ஒவ்வொரு கார்த்திகையும் மண்டபத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனனான், விழுந்திடுமோ எண்டு மூச்சுவிடாமல். அவர் அப்பிடிச் சொன்ன பிறகு நாலு வருசம் நான் என்னத்தைப் பிழையாச் செய்தனான் எண்டு யோசிச்சனான். அந்த வீட்டில அதை உண்மையா நம்பினது நான் ஒருத்திதான், அம்மா."

"அதுக்குத்தானே பிள்ளை இப்ப..."

"இப்பவும் நீங்கள் சொல்லேல்லை. மெசினைத்தான் சொல்ல விட்டனீங்கள்."

லேனா மேசைக்குக் கீழிருந்து வந்து, வெட்டிய கடதாசி ஒன்றை என் மடியில் வைத்தாள். ஆரணி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் குளிர்ச் சட்டையைக் கொழுக்கியில் இருந்து எடுத்து நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை. அந்தக் குணம் என்னுடையது.

"அடுத்த சனி வராதேங்கோ. நான் தெர்மின் சொல்லுறன்."

சந்திக்க நாள் குறித்துக் கொடுக்கும் அந்த அலுவலகச் சொல் சொந்தத் தாய்க்கும் போதும் என்று அவள் நினைத்தது நியாயம்தான். ரயிலில் அந்தக் கடதாசியைப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளை ஒன்றையும் உருவமாக வெட்டவில்லை, சும்மா வெட்டியிருந்தாள்.

8

ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன. தெர்மின் வரவில்லை. சனியில் வேலை என்று சொன்ன பொய்யை வீட்டில் மாற்றிச் சொல்ல முடியாது. அதனால் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் எசன் ரயில்நிலையத்தில் ஒரு கோப்பியோடு பின்னேரம் வரை இருந்துவிட்டு வருகிறேன்.

நினைவுக் கூட்டம் இன்று. காலையில் அவர் கத்தரிக்கோலைத் தந்தார். பதினொரு பூ. நான் ஒவ்வொன்றாக வெட்டி, தண்டில் ஈரப் பஞ்சு சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். அகலமான இதழ்கள், ஒன்றில்கூடப் பழுது இல்லை. அவர் தம்பியின் படத்துக்கென்று ஒன்றைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாவின்ர வேலியில பூத்த மாதிரியே இருக்கு, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன்.